பெரியவனுக்கு, எடை இயந்திரம் பற்றி

அன்புள்ள பெரியவனுக்கு,

எடை இயந்திரம் பழுதாகிவிட்டது என்று உன் தங்கையிடம் சொல்லியனுப்பினேன் அல்லவா, அது பொய். நன்றாகத்தான் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் "இந்த வாரம் எவ்வளவு?" என்று கேட்கிறவன் மூன்று ஞாயிறாகக் கூப்பிடவில்லை. வேலை என்றால் சரி. கோபம் என்றாலும் சரி, அது உன் அப்பா வழிச் சொத்து. போன முறை நீ கிளம்பும்போது வாசலில் ஒன்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன். அதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாயோ என்று ஒரு சந்தேகம். அது இருக்கட்டும்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 84 கிலோவில் தொடங்கி ஐந்து மாதத்தில் 77. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் என்னைக் காட்டிப் பெருமை பேசினாய். எனக்கும் தலைகால் புரியவில்லை, மறுக்கமாட்டேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன், காலையும் மாலையும் நடந்தேன். கன்னம் ஒட்டியது, மோதிரம் கழன்றது, வயிறு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள் மாடிப்படியில், அந்தப் பதினோராவது படியில், கால் மேலே வர மறுத்துவிட்டது. ஏழு கிலோ இளைத்தவளுக்கு ஏறுவது சுலபமாக வேண்டாமா? எனக்குக் கடினமாகிவிட்டது.

மருத்துவரிடம் போனேன். உன் தங்கைதான் அழைத்துப் போனாள், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன், அவளைத் திட்டாதே. அவர் எடையே பார்க்கவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 19 விநாடி ஆயிற்று. ஆசியர்களுக்கு வகுத்த அளவில் 12 விநாடிக்குள் முடித்திருக்க வேண்டுமாம். கையால் இறுக்கிப் பிடிக்கும் ஒரு கருவி கொடுத்தார். பெண்களுக்கு 18 கிலோவாவது காட்ட வேண்டும், எனக்கு 15. கெண்டைக்காலை டேப்பால் அளப்பதும் உண்டாம், ஆனால் என்னைப் போலப் பருத்த உடம்பில் அது ஏமாற்றிவிடுமாம். கால் தடிமனாகத்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது எது என்பதுதான் கேள்வி.

தசை கரைவதற்குப் பெயர் சார்க்கோபீனியா. கிரேக்கத்தில் சதையின் வறுமை என்று பொருளாம். 1989இல்தான் அந்தப் பெயரைச் சூட்டினார்களாம், அதுவரைக்கும் வயதாகிவிட்டது என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறார்கள். அதுவும் உடல் பருமனும் சேர்ந்து வந்தால் இரட்டைத் தொல்லை. சுமக்க வேண்டியது கூடுகிறது, சுமக்கிற தசை குறைகிறது, குறைந்த இடத்தில் தசைக்கு நடுவிலேயே கொழுப்பு புகுந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒல்லியான ஆள் தளர்ந்தால் ஊரே விசாரிக்கும், என்னை யார் விசாரித்தார்கள்? "சாப்பாட்டைக் குறையுங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீயும்தான்.

சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பாக இருக்காதாம், தசையையும் சேர்த்துத்தான் உடம்பு கழிக்குமாம். நீ கைதட்டிய ஏழு கிலோவில் என் தொடையும் போயிருக்கிறது. உன்மேல் குறையில்லை. குறை என்று எழுதியும் விட்டேன், அடிக்காமல் விடுகிறேன்.

பேத்தி ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். 2017இல் வந்தது. உடல் பருமனான 160 பேர், எல்லோரும் 65 வயதுக்கு மேல். உணவைக் குறைத்தவர்களில் சிலர் நடை, சைக்கிள் மாதிரியான பயிற்சி செய்தார்கள், சிலர் எடை தூக்கினார்கள், சிலர் இரண்டும். ஆறு மாதத்தில் எழுவது, ஏறுவது, நடப்பது ஆகியவற்றுக்கான மதிப்பெண் இரண்டும் செய்தவர்களுக்கு 21 சதவீதம் கூடியது, ஒன்று மட்டும் செய்தவர்களுக்கு 14. கொழுப்பில்லாத உடல் எடை, நடைப்பயிற்சிக்காரர்களுக்கு 5 சதவீதம் குறைந்தது, எடை தூக்கியவர்களுக்கு 2தான். நான் நடந்ததோடு நின்றுவிட்டேன். நடை இதயத்துக்கு நல்லது, அதை விடவில்லை. தொடைக்கு அது போதாது.

இப்போது வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்கிறேன். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் கண்டிப்பானவள், எனக்குப் பிடித்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுப்பது, கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டுவது. முதலில் முட்டி வலித்தது, நாற்காலியில் மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டினாள், வலி அடங்கியது. பிறகு மெத்தையை உருவிவிட்டாள். அதுதான் இதில் சூட்சுமம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் கூட்டிவிட வேண்டும். ஒரே அளவில் நின்றால் தசைக்கு வேலை இல்லை. எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்காரும்போது நான்கு எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. நீ தொப்பென்றுதான் உட்காருகிறாய்.

புரதமும் கூட்டியிருக்கிறார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொன்னார்கள். இரவுச் சாப்பாடு திரும்பிவிட்டது, சந்தோஷம்.

71 வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். 1990இல் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முழுவதும் முடித்தவர்களுக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியதாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு பேச்சும் எழவில்லை. உன் அப்பா படுத்தபோது அவருக்கு 74தான்.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

அப்பா மருத்துவமனையில் பத்து நாள் படுத்துவிட்டு வந்தார். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு காலிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டதாம். அவர் நோயாளி. ஆனாலும் நடந்துதான் வீட்டுக்குள் வந்தார், நீ பார்த்தாய். அதற்குப் பிறகு நான்தான் அவரை எழவிடவில்லை. நீல நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர், சாப்பாடு, பேப்பர் எல்லாம் கைக்கே கொண்டு கொடுத்தேன். எழுந்தால் அதட்டினேன். அவர் பருத்துக்கொண்டே போனார், தேறுகிறார் என்று நினைத்தேன். நீ அங்கிருந்து பணம் கட்டி ஒரு பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்தாயே, அவர் தானாக நின்றுவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். இல்லை. நான்தான் வேண்டாம் என்று அனுப்பினேன். நான்காவது நாள் அப்பாவை மூன்று முறை நிற்க வைத்தார், அப்பா முகத்தைச் சுளித்தார், எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு மாதத்தில் அவரால் எழவே முடியவில்லை. நோய் காலைத் தின்றுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும்.

உண்மையிலேயே எது தின்றது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. நான் ஊட்டிய சோறும் அதில் சேரும் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் விழுங்கிய வார்த்தையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு எழும்போது இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி, ஒரு முறை முன்னால் ஆடி, பிறகுதான் எழுந்தாய். அப்பா எழுந்த மாதிரியே. உனக்கு 48. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, எனக்கு மேல் எடை. உன் பக்கத்தில் இருக்கிறவர்களும் அன்பாகத்தான் எல்லாவற்றையும் உன் கைக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அவர்களை ஒன்றும் சொல்லிவிடாதே.

நேற்று எனக்கு 14 விநாடி. எடை 78, ஒன்று கூடியிருக்கிறது, திட்டிக்கொள். ஞாயிறு கூப்பிடு. எடையும் சொல்கிறேன், விநாடியும் சொல்கிறேன். நீயும் உன் விநாடியைச் சொல். கையை மார்பில் கட்டிக்கொள், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள், மூச்சை அடக்காதே, மெதுவாக இறங்கு. நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். கைப்பிடியைத் தொட்டால் கணக்கில் சேராது, பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா