சமணர் மலைக்கும் அரிட்டாபட்டிக்கும் விடுமுறை நாளில் நகரப் பேருந்து கேட்டுக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தையல் தொழிலாளி ஒருவரும் குடும்பத்தினரும்,
செல்லூர், மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: மதுரையைச் சுற்றியுள்ள மலைகளையும் பழஞ்சின்னங்களையும் சாதாரணக் குடும்பங்கள் பார்த்து வர, சனி, ஞாயிறு மற்றும் பள்ளி விடுமுறை நாட்களில் சாதாரணக் கட்டணப் பேருந்து விடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். நான் செல்லூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு, அப்புறம் முழங்கால் வலியோடு என் மாமியார், ஆக ஐந்து பேர். காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் கொடைக்கானல் கேட்டார்கள். வேன் வாடகையும் ரூம் வாடகையும் விசாரித்துவிட்டு, இந்த வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டோம். மகள்தான், "மதுரையிலேயே நாம பார்க்காத இடம் எவ்வளவோ இருக்காம்மா, டீச்சர் சொன்னாங்க" என்றாள். சரி, நான்கு நாள் நம் ஊரையே சுற்றிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். அந்த நான்கு நாளில் பார்த்ததும் பட்டதும்தான் இந்த மனுவை எழுத வைத்தது.

முதல் நாள் ஒரு சிரமமும் இல்லை. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்கும், ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த காந்தி மியூசியத்துக்கும் டவுன் பஸ்ஸிலேயே போய் வந்தோம். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தத் துணியைப் பார்த்தாலும் கரை எது, மடிப்பு எது என்று கண் தானாகத் தேடும் தொழில் என்னுடையது. அந்தத் துணிக்கு முன்னால் கை கூப்பத்தான் தோன்றியது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான் அவர் முழு உடையை விட்டுவிட்டு இடுப்புத் துணிக்கு மாறினார் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நூலும் பட்டனும் வாங்க எத்தனையோ முறை நான் நடந்த வீதி அது.

இரண்டாம் நாள் கீழடி. அது சிவகங்கை மாவட்டம் என்பது தெரியும், ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். அங்கே பானை ஓட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரை என் மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'க' என்பது கணக்கில் போடும் கூட்டல் குறி மாதிரியே இருக்கும் என்று அங்கிருந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் தூசியில் விரலால் கூட்டல் குறியாகப் போட்டுக்கொண்டே வந்தான்.

எங்கள் சிரமம் மூன்றாம் நாள் தொடங்கியது. கீழக்குயில்குடி சமணர் மலை நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ஊருக்குப் பேருந்து இல்லாமல் இல்லை. ஆனால் அது வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் நேரத்துக்கு ஓடுவது, அப்படித்தான் ஓடவும் வேண்டும். மலை பார்த்துவிட்டுத் திரும்ப எங்களுக்கு எந்த வண்டி என்று தெரியவில்லை. மாமியாரை நடக்க வைக்க முடியாது. ஆட்டோ பிடித்தோம், போய்க் காத்திருந்து திரும்ப 800 ரூபாய். மூன்று பிளவுஸ் தைத்த கூலி போதாது.

ஆனால் பார்த்ததற்கு அந்தப் பணம் பெரிதில்லை என்றே சொல்வேன். தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம், பின்னால் பெரிய பாறை மலை. செட்டிப்புடவில் உட்கார்ந்திருக்கும், சமணர்கள் வணங்கும் பெரிய தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்று நினைத்துத்தான் அந்தப் பெயரே வந்ததாம். புடவு என்றால் குகை. உள்ளே பாறையின் மேல்பகுதியில் சிங்கத்தின் மேல் இருக்கும் ஒரு பெண் தெய்வம், யானை மேல் வரும் வீரனை எதிர்த்துச் சண்டை போடுகிறது. யாராவது காட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குக் காட்டியது ஆடு மேய்க்க வந்த பெரியவர். பேச்சிப்பள்ளத்துக்குப் படி ஏறும்போதும், "தாயி, ஓரமா போகாதீங்க, வழுக்கும்" என்று அவர்தான் கூடவே வந்தார். அங்கே சுனைக்குப் பக்கத்தில் பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்து. குறண்டி என்ற ஊரின் திருக்காட்டாம்பள்ளியில் படித்த மாணாக்கர்கள் செய்வித்த சிற்பங்கள் என்று இந்த மலைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மாணவர்கள்! என் மகளுக்கு அதுதான் ஆச்சரியம். "நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பேரு இங்க இருந்துதான் வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, டீச்சரிடம் கேள் என்றேன்.

இதையெல்லாம் பார்க்காதவர் என் மாமியார் ஒருவர்தான். கீழே ஆலமர நிழலில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் பிள்ளைகள் இரண்டும் செல்போனில் எடுத்த படத்தை, "அப்பத்தா, இங்க பாரு" என்று காட்டின. அவர் கேட்டதெல்லாம், "கிளம்புவோமா? ஒதுங்கணும், எம்புட்டு நேரமா அடக்கிக்கிட்டு இருக்கேன்" என்பதுதான். இந்த நான்கு நாளில் நாங்கள் போன ஓர் இடத்தில் கழிப்பறை இருந்தும் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. எந்த இடம் என்று எழுதி அங்கே வேலை பார்ப்பவர்களை மாட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் வயதானவர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இது பெரிய வேதனை என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு கிராமத்திலும் சேர்த்து 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது, 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்து வந்த ஜனங்களை நானும் ரோட்டோரம் நின்று பார்த்தேன். அந்த மாதம் 23-ஆம் தேதியே மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மலையை, பக்கத்திலிருக்கும் மதுரைக்காரர்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்போம்? நான் அன்றுவரை பார்த்ததில்லை.

மேலூர் பஸ்ஸில் போய் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. மாமியார், "நான் வரலத்தா, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பாறையைக் குடைந்த சிவன் கோயிலைப் பார்த்தோம். பிறகு சமணத் துறவிகளின் கற்படுக்கை இருக்கும் குகைக்குப் போனோம். குகை நெற்றியில் சுமார் 2,200 வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து. மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவன், திடீரென்று "அம்மா, பிளஸ்! 'க'!" என்று கத்தினான். பார்த்தால், ஆமாம், கூட்டல் குறி. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாக அங்கே எழுதியிருக்கிறது என்று ஊர்க்கார இளைஞர் ஒருவர் படித்துச் சொன்னார். பத்து வயதுப் பையன் ஒரே ஓர் எழுத்தைத் தானாகப் படித்துவிட்டான், அவனுக்கு அன்று கால் தரையில் இல்லை. அப்போது ஒரு வல்லூறு பாறைக்கு மேல் வட்டமிட்டது. லகர் வல்லூறு என்று அந்த இளைஞர் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. வெயிலில் பிள்ளைகளோடு மெயின் ரோடு வரை நடந்தோம். என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

ஆகவே தங்களிடம் நான் முதன்மையாகக் கேட்பது பேருந்து. டூர் பஸ், ஏசி பஸ் வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்த ஒரு சலுகையால்தான் என் போன்றவர்கள் வீட்டை விட்டு வெளியே போகிறோம். அதே பஸ் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் பெரியார் நிலையத்திலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடிக்கும், மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை, யானைமலை நரசிங்கம் வழியாக அரிட்டாபட்டிக்கும், முடிந்தால் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த மாங்குளம் மீனாட்சிபுரம் மலைக்கும் போக வேண்டும். காலை 7 மணிக்கு ஒரு நடை, வெயில் ஏறுவதற்குள் 11 மணிக்குத் திரும்ப ஒரு நடை இருந்தால் போதும். நேரத்தை இரண்டு நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும். ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். கூட்டம் வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளட்டும், நான் மறு மனு எழுத மாட்டேன்.

அடிவாரத்தில் பூட்டாத கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும், சாவி பொறுப்பை அந்தந்த ஊர் மகளிர் குழுவிடம் கொடுக்கலாம். எங்களுக்குக் காட்டிக் கொடுத்த பெரியவர், இளைஞர் போன்றவர்களுக்கு வரலாறு தெரிந்த ஆசிரியர்களைக் கொண்டு கொஞ்சம் பயிற்சியும், விடுமுறை நாள் கூலியும் கொடுத்து வழிகாட்டியாக வைக்க வேண்டும். கற்படுக்கை மேல் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்து என் மகள் முகம் சுருங்கிப் போனாள். ஆள் ஒருவர் நின்றால் அந்தக் கை நீளாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேருந்து கேட்கிறேனே தவிர, மலையில் பூங்காவும் கடையும் சிமெண்ட் சிலையும் கேட்கவில்லை. அரிட்டாபட்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வையுங்கள். மைக் செட், பிளாஸ்டிக் தட்டு எதையும் ஊர் எல்லையிலேயே நிறுத்துங்கள். பேருந்து எந்த இடம் வரை வரலாம் என்பதைக் கிராம சபையில் கேட்டு முடிவு செய்யுங்கள். வல்லூறு கூடு வைக்கும் மாதங்களில் அந்த நடையே வேண்டாம் என்று ஊரார் சொன்னால், அதையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் தெருவில் 26 குடும்பங்கள் கையெழுத்திட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் என் மாமியாரின் கைநாட்டும் இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நேரில் வரச் சொன்னால் பிள்ளைகளோடு வருகிறேன். அடுத்து அரையாண்டு விடுமுறை வருகிறது. அதற்குள் ஒரு வழித்தடமாவது தொடங்கினால், மாமியாரைத் திரும்பவும் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போவோம். படி ஏற முடியாவிட்டாலும், தாமரைக் குளத்தையாவது நிம்மதியாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மதுரை

இணைப்பு: 26 குடும்பங்களின் கையெழுத்துத் தாள்