கொங்குப் பாறைகளை ஜல்லியாக்கும் முன் ஆராய்ந்து சொல்லுங்கள்: நிலவியல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலவியல் ஆய்வுப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

காங்கயம் வட்டாரத்தில் எங்கள் ஊருக்குத் தெற்கே இருந்த பாறையைச் சென்ற மாதம் வெடி வைத்துத் தகர்த்து, கிரஷருக்கு ஏற்றிச் சென்றுவிட்டார்கள். அந்தப் பாறையைக் குறித்து நான் மூன்று முறை எழுதியதும், ஒவ்வொரு முறையும் படங்களை இணைத்திருந்ததும் உங்கள் கோப்புகளில் இருக்கும். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சாம்பல் நிற நைஸ் பாறையின் குறுக்கே விரல் தடிமனில், கண்ணாடி போல் மின்னும் கரிய கோடுகள் கிளை பிரிந்து ஓடிய இடம் அது. பாறை ஒரு நொடியில் உருகி உறைந்த தடம் என்று சொல்லி, முப்பது ஆண்டுகளாக என் மாணவர்களை அதன் மேல் கை வைத்துப் பார்க்கச் செய்திருக்கிறேன். இன்று அங்கே மற்றுமொரு பாறைக்குழிதான் இருக்கிறது.

கொங்குச் சமவெளியும் அதைச் சூழ்ந்த மலைகளும் சேர்ந்து சுமார் 120 கிலோமீட்டர் விட்டமுள்ள பழங்கால விண்கல் மோதல் பள்ளமாக இருக்கலாம் என்று 2017இல் ஆய்விதழொன்றில் கட்டுரை வெளியானதை நீங்கள் அறிவீர்கள். அது உண்மை என்று நான் வாதிடவில்லை. பவானி, காவிரி வழியே செல்லும் பெரும் பிளவு மண்டலங்களில் பாறையோடு பாறை உராய்ந்தாலும், விண்கல் மோதலில் உண்டாவது போன்ற இதே கரிய கோடுகள் உண்டாகும் என்பதையும், மலைகள் வட்டமாக நிற்பது மட்டும் சான்றாகாது என்பதையும் அறிவேன். அதனால்தான் ஆராயுங்கள் என்று கேட்கிறேன். மோதலின் அதிர்ச்சியை மறைக்க முடியாதபடி காட்டுபவை குவார்ட்ஸ் மணிகளுக்குள் இணையாக ஓடும் நுண்தளங்களும், பாறையில் பதிந்த அதிர்வுக் கூம்புகளும்தாம். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அந்தத் தளங்கள் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆனால் பாறை இருந்தால்தானே சீவல் எடுக்க முடியும்?

ஜெர்மனியில் நோர்ட்லிங்கன் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தை எரிமலையின் வேலை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960இல் ஷூமேக்கர், சாவோ என்னும் நிலவியலாளர்கள் அங்குள்ள கல்குவாரிக் கற்களில், பேரழுத்தத்தில் உருவாகும் கோயசைட் கனிமத்தைக் கண்டறிந்த பிறகே அது விண்கல் மோதியதால் உண்டானது என்று உறுதியாயிற்று. குவாரி அங்கே சான்றைத் தந்தது. இங்கே சான்றைத் தின்றுகொண்டிருக்கிறது. விண்கல் பள்ளங்களான மகாராஷ்டிரத்தின் லோனாரையும் மத்தியப் பிரதேசத்தின் தாலாவையும் பாடமாக நடத்திய எனக்கு, எங்கள் மண்ணைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டபோது சொல்ல விடையில்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

கோடைதோறும் இந்த வறண்ட நாட்டில் ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். பூமியின் அடியாழத்திலிருந்து வரும் பாறைத் துகள் சேறாக எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வழிந்து வீணாகிறது. விவசாயி தன் கடன் பணத்தில் தோண்டும் துளையிலிருந்து ஒரு கைப்பிடி மாதிரியை, ஆழத்தைக் குறித்து எடுத்து வைக்கக்கூட ஓர் ஏற்பாடு இல்லையே என்று எண்ணும்போது, குவாரி உரிமம் மட்டும் தடையின்றிக் கிடைப்பதைப் பொறுக்க முடியவில்லை. சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய குவாரிக்கு அனுமதி தரும் முன், கரிய கோடுகள் உள்ள பாறைகளில் முறையாக மாதிரி எடுத்து ஆராய்ந்து, மோதல் பள்ளம்தான் என்றோ அன்று என்றோ அறிவியுங்கள். அன்று என்பது விடையானால் அதையும் மனநிறைவோடு ஏற்றுக்கொள்வேன்.

எங்கள் கொறங்காட்டின் கிழக்குக் கிளுவை வேலியோரம் அதே கோடுகள் கொண்ட சிறு பாறையொன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. அதற்கடுத்த நிலத்தை குவாரிக்குக் கேட்டிருப்பதாக அறிகிறேன். தாங்கள் வரும் நாளைத் தெரிவித்தால், பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து நானே அழைத்துச் செல்கிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காங்கயம் வட்டாரம்