ஸ்டாண்ட் வாங்கினாயா, மகள்?

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் அங்கே சுகமாய் இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறோம். பெரியம்மா வீட்டுக் கலியாணத்தைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார் அம்மா. கலியாணம் நல்லபடி நடந்தது, சாப்பாட்டுக்கும் குறை இல்லை. மிச்சத்தை அம்மாவே போனில் சொல்லுவார்.

நீ இங்கிலாந்தில், கொவென்றியில் வீட்டுக் கராஜில் லோட்டஸ் செவன் சாதிக் கார் ஒன்றைச் செய்கிறாய் என்பதை அக்காவின் போனில் படம் பார்த்துத்தான் அறிந்தேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அம்மாவோடு கிழமைக்கு இரண்டு தரம் கதைக்கிறாய், அது போதும்.

படத்தை இரண்டு விரலால் பெருப்பித்து வெகுநேரம் பார்த்தேன். தரைக்கு இளஞ்சாம்பல் நிறம் அடித்திருக்கிறாய். கை தவறி ஒரு வாஷர் விழுந்தாலும் உடனே கண்ணில் படும், நல்ல யோசனை. ஸ்பனர்களை அளவு வாரியாகச் சுவரில் மாட்டியிருக்கிறாய். வைஸ் பூட்டிய மேசை உன் இடுப்பு உயரத்துக்குச் சரியாய் இருக்கிறது. கராஜ் வைத்துப் பிழைக்கிறவர்களே இப்படி ஒழுங்காக வைத்திருந்து நான் கண்டதில்லை. அக்காவின் போனை வாங்கி மேல்மாடி மாஸ்டருக்கும் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆனால் காரின் அடிச்சட்டத்தின் பின்பக்கத்துக்குக் கீழே ஒரு ஜாக் மட்டும் நிற்கிறது. ஸ்டாண்ட் ஒன்றுகூடக் காணவில்லை. படத்தின் நாலு மூலையும் தேடிவிட்டேன்.

மகள், ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை. எண்ணெய் ஜாக்கின் சீல் கொஞ்சம் கசிந்தாலும் அது சத்தமில்லாமல் இறங்கும். இப்போது வெறும் சட்டம் என்று நினைப்பாய். நாளைக்கு எஞ்சினும் கியர்பெட்டியும் ஏறிவிடும். இந்தச் சாதிக் கார் மிக இலேசு, முழுதாக முடித்தாலும் 500 கிலோவைச் சுற்றித்தான் வரும் என்கிறார்கள். ஆனாலும் 500 கிலோ ஒரு ஆளுக்கு மேலே விழுந்தால் 500 கிலோதான். நாலு ஸ்டாண்ட் வாங்கு. தரையில் நிற்கிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. கீழே போகமுன் காரைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்.

அக்கா சொன்ன பிறகு நானும் வாசித்தேன். லோட்டஸ் செவன் 1957 இல் வந்ததாம். முழுக் காருக்கு இருந்த விற்பனை வரி உதிரியாக வாங்கினால் இல்லை என்பதால், ஆட்கள் அதைப் பெட்டிகளில் வாங்கி வீட்டிலே பூட்டியிருக்கிறார்கள். 1973 இல் அந்த வரி போய் வாற் என்ற பெறுமதி சேர் வரி வந்தது. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் என்ற கம்பனிக்காரர் அந்தக் காரைச் செய்யும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் இங்கே இறக்குமதி இறுகிப்போய்க் கிடந்தது. பிரேக்குக்குரிய ஒரு வீல் சிலிண்டருக்காக நான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் ஒரு காரை ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கிற சந்தோசம் என்ன என்று எனக்குத் தெரியும். கடைசியில், வீட்டில் செய்த காரை வீதியில் ஓடவிட முன் பார்க்கிற ஐவிஏ சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், வெளியே நீட்டுகிற விளிம்புகள் 2.5 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவுக்குக் குறையக் கூடாது என்றும் வாசித்தேன். அதெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். உன் கை அளவுக்கைதான்.

கராஜுக்குள் கொதிகலன் இருந்தால் பெற்றோல் ராங்கை அங்கே திறக்காதே. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைத் தேடும். அப்புறம் அந்த ஸ்டாண்ட். மறந்துவிடாதே.

நான் ஏன் இதையே திருப்பித் திருப்பி எழுதுகிறேன் என்பது உனக்கு விளங்கும். சின்னமாமாவின் விரல்கள்.

உனக்கு அப்போது 11 வயது. மொறிஸ் மைனரின் பின்பக்கத்தைத் தூக்கி, டிஃபரென்சலுக்குக் கீழே ஜாக் கொடுத்திருந்தேன். பின்சில்லு இரண்டும் கழற்றியாயிற்று. மாமா பிரேக் டிரம்மை உருவிக்கொண்டிருந்தார், நீ டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். கார் கடற்கரைப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. ஜாக் சரிந்தது. நான் முதலில் மாமாவின் கையைப் பார்க்கவில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்து, "ஹேண்ட்பிரேக் இழுக்கச் சொன்னேனே" என்று கத்தினேன். "இழுத்தனான் அப்பா" என்றாய். அன்று இரவு வந்து போன எல்லோரிடமும் நீ இழுக்கவில்லை என்றே சொன்னேன். பொம்பிளைப் பிள்ளையைக் கராஜுக்குள் விட்டது பிழை என்றும் சொன்னேன்.

நீ இழுத்திருந்தாய், மகள். உள்ளே பிரேக் ஷூ பிடித்துக்கொண்டால் டிரம் கழராது என்று, பிறகு அதைத் தளர்த்தியது நான். இழுத்தபடியே இருந்திருந்தாலும் பயனில்லை. மொறிஸின் ஹேண்ட்பிரேக் பின்பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், பின்பக்கம் அந்தரத்தில் நின்றது. முன்சில்லுக்கு ஒரு கல் வைத்திருந்தால் மாமாவுக்கு அந்த இரண்டு விரலும் இன்றைக்கும் மடங்கும். ஸ்டாண்ட் வாங்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டே திரிந்தவனும் நான்தான்.

இதை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாமாவை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வந்து லாம்பு பிடித்துப் பார்த்தேன். லீவர் கீழே கிடந்தது. என் கை அதைத் தளர்த்தியது அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் அம்மா உன்னைப் பேசிக்கொண்டிருந்தார். போய் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். அதற்குப் பிறகு நீ கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்தாலும் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாய். நானும் ஆறின பிறகுதான் எடுத்துக் குடிப்பேன்.

இன்றைக்கு இரவு இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். நாளைக் காலை கொட்டாஞ்சேனைக்குப் போய் மாமாவிடமும் நேரில் சொல்லுவேன்.

என் ஸ்பனர் செட் அங்குல அளவு, உன் எஞ்சினுக்குப் பொருந்தாது. சின்ன இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜும் மரப்பிடிச் சுத்தியலும் எந்தக் காருக்கும் உதவும். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அக்கா அங்கே வரும்போது கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஸ்டாண்ட் நாலும் வைத்த பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பு. அக்காவுக்கு வேண்டாம், என் போனுக்கு அனுப்பு.