‘பொறுப்பா கட்டுங்க’ என்று மைக்கில் சொன்னவர்களுக்கு

தருமபுரியில் கூடைப்பந்துப் போட்டி நடத்திக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை ராத்திரி கடைசி ஆட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆடிய ஒரு பையன் மேல் வீசிய தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது உங்கள் மேஜைக்குப் பக்கத்தில்தான். அதற்கு நீங்கள் செய்தது, மைக்கை எடுத்து ஒரு அறிவிப்பு: “பந்தயம் கட்டறவங்க பொறுப்பா கட்டுங்க, பசங்களை டென்ஷன் பண்ணாதீங்க.” கேலரியில் சிரித்தார்கள். அப்புறம் மறுநாள் ஆட்ட நேரத்தை வாசித்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டீர்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்தயம் பிடிக்கிறவர்களை அங்கிருந்து எழுப்பி வெளியே அனுப்புங்கள். கேட்பது இவ்வளவுதான்.

அந்தப் பையனை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். ஆட்டம் முடிய நாலு விநாடி. 61–44. ஜெயிப்பது யார் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கூடையில் போடலாம், ஒன்றுக்கு ஒரு பாயின்ட். முதலாவது ரிங்கில் பட்டு வெளியே வந்தது. இரண்டாவதுக்கு முன்னால் பந்தை மூன்று முறை தரையில் தட்டினான், கையை ஷார்ட்ஸில் துடைத்தான், போட்டான். ரிங்கில் படாமல் இறங்கியது. 62. உடனே பின்னாலிருந்து அவன் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை, கூடவே பாட்டில்.

தவறவிட்டதற்குத் திட்டு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளி அணியில் ஆடிய காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். போட்டதற்குத் திட்டு வாங்கிய ஒருவனை அன்றுதான் பார்த்தேன். இரண்டு அணியும் சேர்ந்து மொத்தப் பாயின்ட் ஒத்தையா ரெட்டையா என்று அங்கே காசு நின்றிருந்தது. 105 ஒத்தை. பையன் போட்டதும் 106.

பதினாறு வயது இருக்கும். பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். பெஞ்சுக்கு வந்து, ஷூ கயிற்றை அவிழ்க்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு பயிற்சியாளரிடம் கேட்டான்: “சார், ரெண்டாவதையும் விட்டிருக்கணுமா?” அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

பொறுப்பாக என்றால் எப்படி என்று கொஞ்சம் விளக்கியிருக்கலாம். ஏனென்றால் அந்தப் பொறுப்பை நானும் பார்த்தவன். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் என்பிஏ கூடைப்பந்து லீக் ஆட்டம் நமக்கு விடிகாலையில் வரும். அதைப் ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் மண்டிக்குக் கிளம்புவேன். அப்போதெல்லாம் பந்தயமும் கட்டினேன். ஆட்டத்துக்கு நூறு ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று எல்லை போட்டு, ஒரு நாளும் தாண்டவில்லை. பொறுப்பான பந்தயக்காரனுக்குச் சிலை வைப்பதாக இருந்தால் எனக்குத்தான் வைக்க வேண்டும். எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று கட்டியிருப்பேன். இருபது பாயின்ட் முன்னால் நிற்கும் அணி கடைசியில் பெஞ்சில் இருக்கும் பையன்களை இறக்கும், வித்தியாசம் பன்னிரண்டாகும், ஜெயித்த என் அணியைப் பார்த்தே நான் பல்லைக் கடிப்பேன். நேரலை என்று பேர், ஆனால் படம் சில விநாடி பிந்தித்தான் வரும். திரையில் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே பந்தய ஆப்பில் விலை, அதாவது கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்பது, மாறியிருக்கும். போகப் போகப் பந்தைப் பார்ப்பதே நின்றுபோய், விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மண்டியில் ஒருத்தர் “இன்னைக்கு யாருங்க நல்லா ஆடினாங்க?” என்று கேட்டார். ஸ்கோர் தெரிந்தது, ஆடியவன் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கே ஆப்பை எடுத்துவிட்டேன். தவிர, பாலக்கோட்டில் தக்காளியை நம்பிப் பிழைக்கிறவனுக்குத் தனியாக ஒரு சூதாட்டம் எதற்கு?

“சும்மா ஐம்பது நூறு பந்தயம்தானே” என்று உங்களில் ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. டொரொன்டோ ராப்டர்ஸ் அணியில் ஆடிய ஜான்டே போர்ட்டருக்கு 2024 ஏப்ரலில் என்பிஏ ஆயுள் தடை போட்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஓர் ஆட்டத்திலிருந்து சீக்கிரமே வெளியேறியிருக்கிறார். அவர் குறைவாகத்தான் ஆடுவார் என்று கட்டியவர்களுக்கு அது போதும். அதில் ஒரே பந்தயம் 80,000 டாலர். பணம் கைக்கு வந்திருந்தால் 11 லட்சம் டாலர். அவ்வளவு சம்பளமும் காவலும் இருக்கும் இடத்திலேயே இந்தக் கதை. இங்கே, பஸ் காசுக்கு அப்பாவிடம் நிற்கும் பையனிடம் “தம்பி, ரெண்டாவதை விட்டுடு, ஐந்நூறு தர்றேன்” என்று சொல்ல மேஜைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். பதினேழு பாயின்ட் முன்னால் நிற்கிறோம், ஒன்றை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவனுக்கும் தோன்றும். சனிக்கிழமை அவன் கேட்ட கேள்வியிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்கு விளம்பரம் செய்தாலே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் ஆட்கள் நோட்டில்தானே எழுதுகிறார்கள், ஆன்லைன் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். நல்ல வாதம்தான். அதையும் மைக்கில் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுக்காரர் வேலையில் சுத்தம். உங்கள் மைதானத்தில் ஸ்கோர் என்ன, எத்தனை நிமிடம் பாக்கி, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நீங்கள் வைத்திருக்கும் திருப்பு அட்டை பலகை மூன்றாம் படியில் உட்கார்ந்தாலே தெரியாது. வடக்குப் பக்கக் கம்பத்தில் இரண்டு விளக்கு எரிவதில்லை. மைக்கில் ஸ்கோர் சொல்லலாம், ஆனால் மைக் முழுக்க வந்திருக்கும் பிரமுகர்களின் பேர். துவக்க நாளில் பொன்னாடை போட்டு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, பையன்கள் வார்ம் அப் செய்து செய்து ஆறிப்போனார்கள். அந்தப் பொன்னாடைக் காசில் ஒரு மின்பலகை வாடகைக்கு எடுத்திருக்கலாம். நானே போன வாரம் அந்த ஆளிடம்தான் “அண்ணே, ஸ்கோர் என்ன?” என்று கேட்டேன். அவரும் மரியாதையாகச் சொன்னார், கூடவே “ஏதாவது கட்டறீங்களா?” என்றார்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கைக்காசு போட்டு, வெயிலில் அலைந்து, பதினாறு அணிகளைக் கூட்டி வருகிறீர்கள். நீங்கள் இல்லையென்றால் இந்த ஊரில் மே மாத ராத்திரியில் பந்துச் சத்தமே கேட்காது. அதனால்தான் போலீசுக்குப் போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பலகையும் விளக்கும் அடுத்த வருடம்கூட வரட்டும். அந்த ஆட்களை இந்த வாரமே எழுப்புங்கள்.

வரும் சனிக்கிழமை அரையிறுதி. அந்தப் பையனின் அணியும் ஆடுகிறது. போன முறை அவன் அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் பார்த்தார். மேஜைக்குப் பின்னால் காலியாகும் நாற்காலியில் ஒன்றை அவருக்குப் போட்டுக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் படியில் உட்காரும் பாலக்கோட்டுக்காரன்