பெருவிளை வேப்பமரத்தடிக்கு வந்தவர்கள்

அன்புள்ள மக்ளே,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அத்தை இருந்தாள், "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிட்டேன். நாலு பேர் பார்க்கும்படி எழுதினால் பரவாயில்லையா என்று பிறகு கேட்டேன், சரி என்றாய். பெயர் போடவில்லை.

கைதிகளைப் பார்க்கப் போகும் நம் கோயில் பங்கின் சிறைப்பணிக் குழுவோடு ஒரு சனிக்கிழமை ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தாய். கிளம்பும்போது ஒரு பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வருவியா தம்பி" என்றாராம். தலையாட்டிவிட்டு வந்தாய். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை கழிந்தது, நீ போகவில்லை. "பயமா இருக்கு மாமா. அவரு என்ன செஞ்சிட்டு உள்ள வந்தாரோன்னு தோணுது. நான் பூசைக்குப் போறேன், காணிக்கை போடுறேன், அது போதாதா?"

போதாது என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று.

சின்ன வயதில் உன்னைக் காற்றாடிமலைக்குத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். இப்போது சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதால் அதனால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெயர் பழையது. அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு, கல்லால் தட்டினால் மணி மாதிரிக் கேட்கும். நீ தட்டத் தட்ட நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கிறிஸ்தவரானதற்காக உயிரை விட்டார் என்று நாம் வணங்கும் புனிதர் தேவசகாயத்தைச் சுட்டபோது உருண்டு விழுந்த பாறை அது என்று ஊரில் சொல்வார்கள்.

சுட்டது 1752 ஜனவரி 14. எல்லாப் பிரசங்கமும் அந்த ஒரு நாளுக்கே ஓடிவிடும். படத்திலும் சங்கிலியோடு மண்டியிட்டுத்தான் இருப்பார். எனக்கு அதற்கு முந்தின நாட்கள்தான் முக்கியமாகப் படுகின்றன, கேட்டியா.

நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையில் நல்ல உத்தியோகம். மாடுகள் செத்து, சொத்தும் கரைந்து மனம் உடைந்திருந்த நேரத்தில் டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். டிலனாய் யார்? 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர், பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். கைதியாக வந்தவர் சொன்ன கதையைக் கேட்டுத்தான் இவர் கைதியாகப் போனார். திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் கிடைக்க வழியில்லை, வடக்கன்குளத்துக்குப் போகவேண்டியிருந்தது. 1745 மே 14இல் அங்கே இயேசு சபைச் சாமியார் புத்தாரி கொடுத்தார். லாசர் என்ற பெயரைத்தான் தேவசகாயம் என்று தமிழாக்கினார்கள்.

1749இல் கைது, மதம் மாறியதற்காக என்பது நம் சபை சொல்வது. அதிலிருந்து மூன்று வருடம். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்பது நம்மூர் வழிவழிப் பேச்சு. அவரைக் கொன்றதற்கு வேறு காரணம் சொல்லும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை உன்னிடம் வாதாடப் போவதில்லை. இதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரனை ஒரு மாதிரிப் பார்க்கிறவனும் அவரைப் புரிந்துகொண்டவன் இல்லை.

பெருவிளைக்கு வருகிறேன். அங்கே ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்தார்கள். கூரை கிடையாது. மழை, வெயில், கொசு. நமக்கு ஒரு ராத்திரி கரண்ட் போனால் என்ன பாடுபடுகிறோம்! வெட்டிக்கொல்ல வந்தால் ஒரு வேகத்தில் கழுத்தை நீட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காதபோது, முதுகு அரிக்க, கைகள் கட்டியிருக்க, "திரும்பிப் போய்விடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் இருப்பது வேறு. அதை ஒரு நாள் தீர்மானித்தால் போதாது. ஒவ்வொரு இரவும் தீர்மானிக்கவேண்டும்.

அந்த மரத்தடிக்கு ஜனங்கள் தேடி வந்தார்கள் என்கிறார்கள். அரச கோபத்துக்கு ஆளான கைதியைப் பார்க்கப் போவது லேசான காரியமா? காவலாளி ஊர் கேட்பான், வீடு கேட்பான். வழியில் இரண்டு தடவையாவது நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. கோட்டாறு சவேரியார் கோயிலில் தேவசகாயத்தின் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது எனக்கு அவர்கள் நினைப்புத்தான் வரும். அப்புறம் அவர் மனைவி ஞானப்பூ. அந்த அம்மாளைப் பற்றி இதுவரை நான் ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. அவள் வீட்டில் படுத்துத் தூங்கிய இரவுகள் எத்தனை இருக்கும்?

2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவித்தபோது கோயிலில் டிவி வைத்துப் பார்த்தோம். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர். சாமியார் இல்லை, துறவி இல்லை, பெண்டாட்டியும் உத்தியோகமும் உள்ள ஆள், உன்னை மாதிரி. வெடி போட்டோம், லட்டு சாப்பிட்டோம். அவரைக் கொண்டாட எனக்குச் சுலபமாக இருந்தது.

ஏன் சொல்கிறேன் என்றால், என்னோடு படித்தவன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் கிடந்தான். முகம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்றார்கள். ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். கால் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்த ஆரஞ்சை நானே உரித்துத் தின்றேன். நாலாம் நாள் அடக்கத்துக்குப் போனேன், முதல் வரிசையில் நின்றேன், பாட்டும் பாடினேன். இதை உன் அத்தையிடம்கூடச் சொன்னதில்லை. இனிமேல் படித்துத் தெரிந்துகொள்வாள்.

பயம் போனபிறகு உள்ளே போகலாம் என்று அன்றைக்குக் காத்திருந்தேன். அது போகவே இல்லை. பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவுக்கே திகில் பிடித்ததை மாற்கு தன் நற்செய்தியில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். போர்வையைப் பிடித்தவர்கள் கையிலேயே விட்டுவிட்டு அம்மணமாக ஓடிய ஒரு வாலிபனையும் இரண்டு வரியில் சேர்த்திருக்கிறார், அது யார் என்று சொல்லாமல். அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு ஆரஞ்சு வாசனை அடிக்கும்.

"சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்று இயேசு சொல்கிற இடத்தில், என்ன குற்றம் செய்துவிட்டு உள்ளே இருந்தார் என்ற கேள்வி வரவில்லை, கவனித்தாயா? நல்ல கைதியாகப் பார்த்துப் போகச் சொல்லியிருந்தால் எனக்கும் வசதிதான்.

சனிக்கிழமை போ மக்ளே. வயிறு கலங்கினால் கலங்கட்டும், முந்தின ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் போ. நாலு வாரம் கழித்து வந்திருக்கிறானே என்று அந்தப் பெரியவர் முகம் திருப்பினால் வாங்கிக்கொள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தில் உட்கார். செபம் சொல்லியே ஆகவேண்டும் என்று அவசரப்படாதே, அவர் ஊர் மழையைப் பற்றிப் பேசினாலும் பேசு.

போனில் அவர் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாய். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு வா.

உன்
மாமா