மலை ரயிலுக்கு முன்பே வந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை ரயில் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால், 1896-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பல்சக்கர ரயில்தான் அங்கு மலைச் சுற்றுலாவைத் தொடங்கி வைத்தது என்பதை ஏற்க முடியவில்லை. கூட்டத்தைக் கொண்டுவந்தது கடற்கரையை ஒட்டிப் போடப்பட்ட ரயில் பாதை. 1848-இல் அது வடக்கு வேல்ஸின் பாங்கர் நகரம் வரை வந்துவிட்டது. 1869-இல் கார்னர்வனிலிருந்து மலையடிவாரமான லான்பெரிஸுக்கே கிளைப் பாதை வந்தது. அதற்கும் முன்பிருந்தே உள்ளூர் வழிகாட்டிகள் பயணிகளை மட்டக்குதிரையில் உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். மலை ரயிலோ, நில உரிமையாளர் பல ஆண்டுகள் சம்மதிக்காததால் தள்ளிப்போன ஒன்று. பக்கத்து ஊரான 'ரித் தீ'யின் ரயில் நிலையம் 1893-இல் 'ஸ்னோடன்' என்று பெயர் மாறி, பயணிகளை அந்தப் பக்கம் இழுத்த பிறகுதான் அவர் இறங்கிவந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் லான்பெரிஸ் பாதையில் மூன்று மணி நேரம் நடந்து ஏறினேன். தண்டவாளத்துக்கு அருகிலேயே செல்லும் அந்த அகலமான பாதையின் மிதமான ஏற்றமே அது குதிரைகளுக்காக அமைந்தது என்று சொல்லிவிடும். உச்சியில் மேகம் விலகியதும் ஆங்கிள்சி தீவும் கடலும் தெரிந்தன. அடுத்த வாரம் அந்த வழிகாட்டிகளைப் பற்றியும் எழுதுங்கள். அப்புறம், மலையின் வேல்ஸ் மொழிப் பெயரான 'யர் வித்வா'வையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

- ஒரு வாசகர், கோவை