சிறுகதைப் போட்டி நடத்துவோருக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறுகதைப் போட்டி நடத்துகிற அமைப்பாளர்களுக்கும், நடுவர்களாக இருந்து கதைகளைத் தேர்ந்தெடுக்கிற ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் கதை எழுதுகிறவள் இல்லை. பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும்போது கதைகளைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. கேட்க வருகிறவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தையல்காரர் இருக்கிறார், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் தொகுப்பாக வந்தால் அவற்றையும் வாசிக்கிறோம். உங்களோடு எனக்கு இருக்கிற வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பரிசுக் கதைகள் பலவற்றை எங்கள் கூட்டம் மரியாதையாகக் கேட்கிறது. முடிந்ததும் "நல்ல கருத்து" என்கிறார்கள். அதோடு சரி. அடுத்த கூட்டத்தில் அந்தக் கதையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பரிசு கிடைக்காத சில கதைகளோ பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வருகின்றன.

அப்படி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வட்டத்துப் பெண் ஒருத்தி எழுதியது. புளி சீசனில் கூலிக்குப் புளி தட்டுகிற ஒரு அம்மா. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து எடை போட்டுக் கொடுத்தால்தான் காசு. அந்தக் காசில் சீட்டுக் கட்டி, மகளை நர்சிங் சேர்க்கப் பணம் வைத்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி தம்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் கேட்கிறான். அவள் கொட்டை எடுப்பதை நிறுத்தாமலே அவன் பேசுவதைக் கேட்கிறாள். விரல் இடுக்கில் புளிப்பு ஏறி எரிகிறது. கொட்டை தனி, சதை தனியாகப் பிரிந்துகொண்டே போகிறது. பணத்தைக் கொடுத்தாளா இல்லையா என்று கதை சொல்வதில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போகிறாள். அங்கே முடிகிறது.

வாசித்து முடித்ததும் தையல்காரர், "கொடுத்திருக்க மாட்டா, கொடுத்தா பொண்ணு படிப்பு போச்சு" என்றார். கட்டட வேலைக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், "கூடப்பிறந்தவன் வாசல்ல உக்காந்திருக்கிறான், எப்படிங்க இல்லைன்னு சொல்லுவா?" என்று. நூலகத்தைப் பூட்டிய பிறகும் பேச்சு ஓயவில்லை. அந்தக் கதையை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். ஆறுதல் பரிசுகூட இல்லை. "செய்தி தெளிவாக இல்லை" என்று நடுவர் ஒருவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அந்தப் போட்டியின் மதிப்பெண் தாளையும் பார்த்தேன். சமூகக் கருத்துக்குத்தான் அதிக மதிப்பெண். பாத்திரம் என்று தனியாக ஒரு கட்டமே இல்லை.

ஒரு கதையை வாசகர் எதற்காகப் பிடித்துக்கொள்கிறார் என்பது நம் ஊரில் நேற்று முளைத்த கேள்வி இல்லை. தொல்காப்பியர் அகத்திணையியலில் முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்லி, அவை "முறை சிறந்தனவே" என்கிறார். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் கரு. கூடுவது, பிரிவது, காத்திருப்பது, இரங்குவது, ஊடுவது என மனிதர்களுக்குள் நேர்வது உரி. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்து நிற்கும் என்பது உரைகாரர் விளக்கம். அகப்பாட்டுக்குச் சொன்னதைச் சிறுகதைக்கு இழுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டத்தில் நான் பார்க்கிற வரிசை இதுதான் என்பதால் இழுக்கிறேன்.

அரிஸ்டாட்டில் நிகழ்ச்சிப் பின்னலை முதலில் வைத்துப் பாத்திரத்தை இரண்டாவதாகத்தான் வைத்தார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர் பேசியது துன்பியல் நாடகத்தைப் பற்றி. பின்னல் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் நடக்கும்போது வந்து பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கர்ணன் சாவான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரி, போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பிறப்பைச் சொல்லித் தன்னை ஒதுக்கிய மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெற வருகிற கட்டத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்களை நான் பார்த்ததில்லை. என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அதை எப்படித் தாங்குகிறான், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதற்காகத்தான் கண் விழிக்கிறார்கள்.

அப்புறம், இடம். "மண்ணின் மணம்" என்று நீங்கள் மதிப்பெண் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதற்காகவே எழுதப்படும் கதைகளில் முதல் பக்கம் முழுக்க ஒகேனக்கல் அருவி கொட்டுகிறது, அடுத்த பத்தியில் அதியமானும் நெல்லிக்கனியும் வந்துவிடுகிறார்கள், கதைக்குரிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை. இடம் ஆளின் உடம்பு வழியாக வந்தால்தான் வாசகர் அதை நம்புகிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்கப் போகிறவருக்குக் காம்பு ஒடியும்போது வடிகிற பால் பட்டுத் தோல் வெந்துபோகும். அந்தத் தழும்போடு ஒருவர் மாங்கூழ் ஆலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு டன்னுக்கு என்ன விலை சொல்வார்களோ என்று நின்றால், அவர் எந்த ஊர்க்காரர் என்று எழுதவே வேண்டாம்.

பேச்சும் அப்படித்தான். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசி, கடைவீதியில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அங்கே நடக்கிற கதையில் பாட்டி மதுரைத் தமிழ் பேசினால் எங்கள் ஓசூர் நண்பர்கள் அந்த வரியிலேயே கதையை விட்டுவிடுகிறார்கள்.

கருத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது, 2004-இல்தான் தனி மாவட்டமானது. அந்த வலி இந்த மண்ணுடையது, அதைப் பற்றிக் கதைகள் வரத்தான் வேண்டும். ஆனால் போட்டிக்கு வருகிறவற்றில் கடைசிப் பக்கத்தில் ஓர் அதிகாரியோ ஆசிரியையோ வந்து பேசுகிறார், குடும்பம் திருந்துகிறது. குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிற தாய்க்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்குமே, அந்த ராத்திரி அவள் எப்படித் தூங்கினாள்? மாமியாரிடம் என்ன பேசினாள்? அடுத்த பிள்ளை பிறந்தபோது யாரை நினைத்தாள்? வாசகர்கள் கேட்பது இவற்றைத்தான். இதையெல்லாம் எழுதத் துணிகிறவர்களுக்கு "செய்தி தெளிவாக இல்லை" என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

என் கோரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் தாளில் பாத்திரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள், அதுவும் முதல் கட்டமாக. அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அதில் அவர் எடுக்கிற முடிவு அவருடையதாக இருக்கிறதா என்று பாருங்கள். சமூகக் கருத்துக்கான கட்டத்தை எடுத்துவிடுங்கள். சாதியோ வறுமையோ குடியோ அந்த மனிதரைத் தொட்டிருந்தால் அது கதைக்குள் தானாக இருக்கும். இறுதிச் சுற்றுக் கதைகளை ஒருமுறையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உரையாடல் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். முக்கியமாக, நடுவர் குழுவில் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் இருக்கும்போது கூடவே மூன்று வாசகர்களையும் உட்கார வையுங்கள். பட்டம் பார்க்க வேண்டாம், நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் போதும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் வாசகர் வட்டத்தைக் கேளுங்கள். தையல்காரரும் அந்தக் கட்டட வேலைக்காரரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவர்களுக்குக் கூலி போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்